பாரம் இறக்க இடமில்லாத சாலை

பொதுச்சாலையில் ஓடும் சரக்கு லாரி எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதைச் சொல்வதில் இந்தியச் சட்டத்தில் குறை எதுவும் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு எடைவரம்பை விதிக்கிறது. 114ஆம் பிரிவு ஐயத்துக்குரிய வண்டியை நிறுத்தி எடைபோடவும், மிகுதி இருந்தால் அதை இறக்கும்படி எழுத்து மூலம் ஆணையிடவும் அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. 194ஆம் பிரிவு தண்டனையைக் கூறுகிறது. இவ்வளவும் இருந்தும், திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் இரவுச் சோதனைக்குச் சென்று பழகிய எந்த மோட்டார் வாகன ஆய்வாளரும், ஒரு லாரியை ஓரங்கட்டியவுடன் அபராதத் தொகையைக் கணக்கிடுவதற்கு முன்பாகவே, வண்டியில் மிகுதியாக இருக்கும் ஐந்தாறு டன் சரக்கை எங்கே இறக்கிவைப்பது என்றுதான் எண்ணத் தொடங்குகிறார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத இரவுகளில் சட்டம் வெறும் கட்டணமாகச் சுருங்கிவிடுகிறது: தொகையைச் செலுத்திய வண்டி அதே பாரத்தோடு அதே சாலையில் தன் வழியே போகிறது. இக்கட்டுரையாளரின் பணிக்காலப் பட்டறிவு பெரும்பாலும் இந்த முரணைச் சுற்றியே அமைந்தது என்பதால், இங்குச் சொல்லப்படுவனவும் அதையொட்டியே அமைகின்றன.

எடைவரம்பு என்னும் சொல் இரண்டு வேறு அளவுகளைக் குறிப்பது. வண்டியின் வெற்று எடையும் அதில் ஏற்றிய சரக்கின் எடையும் சேர்ந்தது மொத்த எடை. இதன் உச்ச அளவு, ஆர்.சி. புத்தகம் என்று வழங்கும் பதிவுச்சான்றில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வோர் அச்சின் சக்கரங்கள் வழியாகவும் சாலையின் மீது இறங்கும் எடை அச்சு எடை. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும், சரக்கைப் பின்பக்கமாகவே குவித்துவிட்ட காரணத்தால் பின்னச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது, இரும்புச் சுருளும் கல் பாளமும் ஏற்றும் வண்டிகளில் அடிக்கடி காணப்படுவதாகும். மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2018 ஜூலை 16 அன்று வெளியிட்ட அறிவிக்கை, நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், அடுத்தடுத்து அமைந்த இரட்டை அச்சின் வரம்பை 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் உயர்த்தியது. இதனால் தமிழ்நாட்டில் எல்லோரும் டாரஸ் என்றே அழைக்கும் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகக் கூடியது. வரம்பு உயர்ந்தால் மீறல் குறையும் என்று அப்போது பேசப்பட்டது. ஆயினும் களத்தில் இருந்தவர்களில் அதை நம்பியவர் மிகச் சிலரே. வாடகை டன் கணக்கில் பேசப்படும் தொழிலில், சட்டம் அனுமதிக்கும் கடைசி டன்னுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டன்னும் டீசல் செலவு சற்றே கூடுவது நீங்கலாக முழு லாபம் என்பதால், வரம்பு எங்கே வைக்கப்பட்டாலும் அதற்கு அப்பால் ஆறு டன் என்பதே பழக்கக் கணக்காக நீடிக்கிறது.

அதிக பாரம் சாலைக்கு இழைக்கும் கேடு எடையின் விகிதத்தில் கூடுவதில்லை. அதைவிடப் பன்மடங்கு விரைவாகக் கூடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை, தனியாக அமைக்கப்பட்ட வட்டச் சாலைகளில் குறிப்பிட்ட எடையுள்ள லாரிகளை இடைவிடாமல் ஓட்டி நடத்தப்பட்ட ஆய்விலிருந்து, தளத்தின் சேதம் ஏறத்தாழ அச்சு எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்னும் விதி பெறப்பட்டது. இந்தியச் சாலை வடிவமைப்பில் 8.16 டன் எடையுள்ள ஒற்றை அச்சு அளவுகோல் அச்சாகக் கொள்ளப்படுகிறது. அந்த அச்சு ஒருமுறை கடப்பதால் விளையும் தேய்மானத்தை ஒன்று என்று கொண்டால், சட்டம் இன்று அனுமதிக்கும் 11.5 டன் அச்சு ஏறத்தாழ நான்கு மடங்கும், 16 டன் ஏற்றிய அச்சு ஏறத்தாழ பதினைந்து மடங்கும் தேய்மானத்தை உண்டாக்குகின்றன. வரம்புக்குள் செல்லும் அச்சைவிட நாலரை டன் மட்டுமே கூடுதலாக ஏற்றியவர், சாலையின் ஆயுளில் அதைப்போல் கிட்டத்தட்ட நான்கு பங்கைத் தின்றுவிட்டுப் போகிறார் என்பதே இதன் பொருள். இந்தக் கணக்கை அறிந்த ஓட்டுநரை இக்கட்டுரையாளர் கண்டதில்லை. அறிந்திருக்க வேண்டிய அலுவலர்களிலும் பலர் அறிந்திருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாலங்களின் நிலை வேறு வகையானது. ஒரு பாலத்துக்கு அச்சின் எடையோடு, அச்சுகள் எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளன என்பதும் முக்கியம்; நீளமான டிரெய்லரில் பரவிச் செல்லும் 40 டன்னைவிட, குட்டையான டிப்பரில் குவிந்து செல்லும் 35 டன் இரு தூண்களுக்கு இடைப்பட்ட ஒரே கண்ணியின் மீது அதிக வளைவைத் தரக்கூடும். அடுத்தடுத்து வரும் கன அச்சுகளின் அதிர்வை முதலில் வாங்குவன இரண்டு உறுப்புகள்: வெப்பத்தால் தளம் நீளவும் சுருங்கவும் இடம்விட்டு அமைக்கப்படும் விரிவு இணைப்புகள், தளத்தின் பாரத்தைத் தூணுக்குக் கடத்தும் பேரிங் எனப்படும் தாங்கிகள். சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைத்து 1976இல் கட்டப்பட்ட திருச்சி காவிரிப் பாலத்தில் பழுதுபார்க்க வேண்டியிருந்தவையும் இவைதாம். அப்பணிக்காக 2022 செப்டம்பரில் மூடப்பட்ட பாலம் 2023 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டை நெருங்கிய பாலத்துக்கு முதுமையே போதுமான காரணம் என்பதால் பழியை லாரிகளின் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும், ஒரு பாலம் அரையாண்டு மூடப்பட்டால் ஸ்ரீரங்கத்துக்கு என்ன ஆகும் என்பதை அந்த மாதங்கள் ஊருக்குக் காட்டிவிட்டன. பள்ளிக்கும் கடைவீதிக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்கள் எல்லாம் சென்னைப் புறவழிச்சாலைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது இத்தொழிலில் இருப்பவருக்குப் புராணச் செய்தியாக இல்லாமல் அன்றாடச் சிக்கலாக அமைகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், இரண்டையும் கடக்கச் சில பாலங்கள். கொள்ளிடத்தின் மீது 1928இல் கட்டப்பட்ட பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2016இல் புதிய பாலம் திறக்கப்பட்டு, வாகனங்கள் அதற்கு மாற்றப்பட்டன. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்து, கண்ணிகள் ஆற்றில் விழுந்தன. சில நாட்களுக்குள் முக்கொம்பில், 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய பாலம் லாரிப் பாரத்தால் விழவில்லை. விழுந்தபோது அதன் மீது வாகனமே ஓடவில்லை. ஆனால் ஆற்றுப்படுகை தாழ்ந்து தூண்களின் அடித்தளம் அரிக்கப்பட்டதற்கு அளவுக்கு மீறிய மணல் அள்ளலும் காரணம் என்று அப்போது பலரும் சுட்டிக்காட்டினர். அந்த மணலைச் சுமந்து சென்ற வண்டிகள்தாம் சோதனையில் நிறுத்தப்பட்டவற்றில் பெரும்பகுதி என்பதை எண்ணும்போது, ஒரே தொழில் பாலத்தைக் கீழிருந்தும் மேலிருந்தும் ஒருசேர நலிவித்தது என்று கூறுவது மிகையாகாது.

மணல் வணிகத்தின் அளவுமுறையே அதிக பாரத்துக்கு வழிவகுப்பது என்பதைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் அவ்வளவாக அறிவதில்லை. மணலும் ஜல்லியும் எம்-சாண்டு எனப்படும் செயற்கை மணலும் யூனிட் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. சட்டமோ டன் கணக்கில் பேசுகிறது. 100 கன அடி உலர்ந்த மணல் ஏறத்தாழ நாலரை டன் இருக்கும். ஆற்றிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அள்ளிய அதே மணல் ஐந்து டன்னைத் தாண்டும். பத்து டன் வெற்று எடை கொண்ட ஒரு டாரஸ் டிப்பரில் நான்கு யூனிட் உலர்ந்த மணல் ஏற்றினால் வரம்பை ஒட்டி நிற்கும். ஈர மணலாக ஏற்றினால், தொட்டியின் விளிம்பைத் தாண்டாமலேயே, வரம்பை இரண்டு டன் மீறிவிடும். பக்கப்பலகையை அரையடி உயர்த்திக் கட்டிய வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கனிமத்தை எடுத்துச் செல்ல வழங்கப்படும் நடைச்சீட்டில் கன அளவு ஒழுங்காக இருக்கும். ஓட்டுநர் அதை நீட்டி, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்வார். அவர் அளவில் அது பொய்யும் அன்று. 2025இல் கல்குவாரிகளிடம் வசூலிக்கும் உரிமத்தொகையைக் கன மீட்டரிலிருந்து டன் கணக்குக்கு அரசு மாற்றியபோது, புதிய கனிமநில வரியோடு சேர்த்து அதையும் எதிர்த்துக் குவாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வருவாய்க்காகச் செய்யப்பட்ட மாற்றம்தான் என்றாலும், குவாரியின் வாயிலிலேயே எடைபோடும் பழக்கத்துக்கு அது வழி திறந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சாலையில் எடைபோடுவது புத்தகத்தில் படிப்பதைப் போல் எளிதன்று. வண்டி செல்லும் திசையில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது அது போய்ச்சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் எடைமேடை இருந்தால் அங்கே கொண்டுசெல்லும்படி ஆணையிடலாம் என்று 114ஆம் பிரிவு கூறுகிறது. நள்ளிரவில் திறந்திருக்கும் எடைமேடை பெரும்பாலும் தனியாருடையது. அரிசி ஆலைக்கோ, கல் அரவை நிலையத்துக்கோ, பழைய இரும்புக் கடைக்கோ சேர்ந்தது. அதன் உரிமையாளருக்கு லாரிக்காரர்கள்தாம் நிலையான வாடிக்கையாளர்கள் என்பதால், அவரிடம் எடைச்சீட்டுக் கேட்டால் கருவி பழுது என்றோ மின்சாரம் இல்லை என்றோ ஏதாவது ஒரு தடை முளைப்பது அரிதன்று. எடைமேடைகளை ஆண்டுக்கொருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கூறுகின்றன; தமிழ்நாட்டில் இப்பணி தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்களைச் சேர்ந்தது. முத்திரைக் காலம் கடந்த மேடையில் போட்ட எடையை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார் என்பதால், பட்டறிவுள்ள ஆய்வாளர் சரக்கைப் பார்ப்பதற்கு முன் முத்திரைத் தேதியைப் பார்ப்பார்.

கையில் எடுத்துச் செல்லும் அச்சு எடைப்பலகைகள் இச்சிக்கலை ஓரளவு தீர்க்கின்றன. ஆனால் அவற்றுக்குச் சமதளம் தேவை. ஒரு பக்கம் சரிந்த சாலை ஓரத்தில் பலகையை வைத்தால், சரிவுப் பக்கச் சக்கரம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் காட்டும். பலகையின் மீது ஏறும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்து எடையை முன்னச்சுக்குத் தள்ளும் ஓட்டுநர்களும், பக்கத்து அச்சுச் சக்கரத்தை மேட்டில் நிறுத்திப் பாரத்தைப் பங்கிட்டுக் காட்டுவோரும் உண்டு. இவற்றைவிட நுட்பமானது தூக்கு அச்சின் தந்திரம். பன்னிரண்டு, பதினான்கு சக்கர வண்டிகளில், வெறும் வண்டியாகத் திரும்பும்போது டயர் தேயாமலிருக்க மேலே தூக்கிவைத்துக்கொள்ளும் வசதியுடைய ஓர் அச்சு இருக்கும். பாரம் ஏற்றியபோது அது தரையில் இருந்தாக வேண்டும். டயர் செலவை மிச்சப்படுத்துவதற்காகப் பாரத்தோடும் அதைத் தூக்கியே ஓட்டி, சோதனை நடக்கிறது என்று தெரிந்த இடத்தில் மட்டும் இறக்கிவிடுபவர்கள் பலர். மொத்த எடையை மட்டும் போடும் மேடையில் இந்த வண்டி குற்றமற்றதாகவே தெரியும். மீதமுள்ள அச்சுகள் வழிநெடுகச் சாலையை நசுக்கிவந்த கதை எடைச்சீட்டில் வராது.

சோதனை நடக்கும் செய்தி, சோதனைக்குழு வண்டியை நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் நெடுஞ்சாலை முழுவதும் பரவிவிடுகிறது. முன்பு எதிரே வரும் லாரிகள் முகப்பு விளக்கைச் சிமிட்டி எச்சரித்தன. இப்போது கைப்பேசிக் குழுக்கள் அப்பணியைச் செய்கின்றன. சமயபுரம் பக்கம் ஆள் நிற்கிறது என்று தெரிந்தால், சிறுகனூரிலும் பாடாலூரிலும் தேநீர்க் கடைகளின் ஓரத்தில் வண்டிகள் வரிசையாக நின்று ஓட்டுநர்கள் உறங்கத் தொடங்கிவிடுவார்கள். விடியும்வரை நின்றாலும் எத்தனை வண்டிகளை நிறுத்த முடியும்? ஒரு வண்டியை மேடைக்கு அழைத்துச் சென்று, எடைபோட்டு, எழுதி முடிக்கும் நேரத்தில் வேறு எத்தனையோ வண்டிகள் கடந்துவிடும். இதற்கிடையில் மாமூல் என்று பெயர் பெற்ற கள்ளக் கணக்கும் உண்டு என்பதை மறைப்பது கட்டுரைக்கு அழகாகாது. அதிகாரம் முழுவதும் ஒரே அலுவலரின் விருப்பத்திலும், பதிவு முழுவதும் அவர் எழுதும் தாளிலும் அடங்கியிருந்தவரை, பேரம் அந்த இடத்தைத் தேடி வருவதை எந்த நல்லொழுக்கச் சுற்றறிக்கையாலும் தடுக்க முடிந்ததில்லை. எடையைக் கருவியே பதிந்து, அலுவலர் திருத்த முடியாத பதிவேட்டுக்கு நேரே அனுப்பும் முறை வரும்போதுதான் நேர்மையான ஆய்வாளருக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது.

இனி இறக்கிவைப்பதைப் பற்றி. பணம் செலுத்திவிட்டால் மிகுதிப் பாரத்தோடு செல்லலாம் என்னும் நடைமுறையைச் சில மாநில அரசுகள் அறிவிக்கை மூலமே அனுமதித்திருந்தன. பரம்ஜித் பாசின் வழக்கில் 2005 நவம்பர் 9 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குற்றத்தை இணக்கத் தொகை பெற்று முடித்துக்கொள்வது, அதே குற்றத்தைத் தொடர்ந்து செய்வதற்கான அனுமதி ஆகாது என்றும், மிகுதி இறக்கப்பட்டே ஆகவேண்டும் என்றும் தெளிவாக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 194ஆம் பிரிவே, மிகுதி அகற்றப்படும்வரை வண்டி நகர அனுமதிக்கப்படக் கூடாது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. இறக்கும் செலவும் மீறியவரையே சாரும். இவ்வளவு திட்டமான சட்டத்தின் முன்னால் நெடுஞ்சாலையின் உண்மை நிலை என்ன? காவிரிப் பாலத்தை நெருங்கும் ஒரு வண்டியைச் சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் நிறுத்தினால், அங்கே இறக்க இடமும் இல்லை, வண்டியைத் திருப்பவும் இடமில்லை. கொள்ளிடத்தின் வட கரையில் நம்பர் ஒன் டோல்கேட் அருகே நிறுத்தினால், நான்கு பக்கமும் பேருந்துகளும் கடைகளும். மணலைச் சாலையோரம் கொட்டினால் அடுத்த இருசக்கர வாகனம் சறுக்கும். சிமென்ட் மூட்டையை இறக்கினால் மழைக்கும் திருட்டுக்கும் யார் பொறுப்பு என்ற வழக்கு வரும். அமோனியா போன்ற வாயு ஏற்றிய டேங்கரில் ஒரு லிட்டரைக்கூட இறக்க முடியாது. இரவு இரண்டு மணிக்குச் சுமைப்பணித் தொழிலாளர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது தனிக் கேள்வி. ஆய்வாளருக்கு எஞ்சும் வழிகள் இரண்டே: வண்டியை நாட்கணக்கில் காவல் நிலைய வாசலில் நிறுத்தி வைப்பது, அல்லது தொகையைப் பெற்றுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வது. முதல் வழியைத் தேர்ந்தவருக்கு விடியுமுன் யார் யாரிடமிருந்தெல்லாம் தொலைபேசி வரும் என்பதைத் துறையினர் அறிவர்.

ஆகவே அபராதத்தை உயர்த்துவது தீர்வின் பெரும்பகுதி என்று கருதுவது தவறு. 2019க்கு முன்பு அபராதம் 2,000 ரூபாயும், மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயும். இப்போது 20,000 ரூபாயும், டன்னுக்கு 2,000 ரூபாயும். எடைபோட நிறுத்த மறுத்தால் 40,000 ரூபாய். தொகை பல மடங்கு உயர்ந்தது உண்மை. ஆனால் அதன் வடிவம் கவனிக்கத்தக்கது. பழைய கணக்கில் ஒரு டன் மிகுதிக்கு 3,000 ரூபாய், பத்து டன் மிகுதிக்கு 12,000 ரூபாய், அதாவது நான்கு மடங்கு. புதிய கணக்கில் ஒரு டன்னுக்கு 22,000 ரூபாய், பத்து டன்னுக்கு 40,000 ரூபாய். இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. சாலைக்கு விளையும் கேடு நான்காம் அடுக்கில் ஏறும்போது, தண்டனையின் ஏற்றம் முன்பைவிடத் தட்டையாகிவிட்டது. ஈர மணலால் ஒரு டன் கூடிப்போன சிறு உரிமையாளருக்குப் பேரிடியாக இறங்கும் தொகை, திட்டமிட்டுப் பத்து டன் ஏற்றுபவருக்கு, அவ்வப்போது செலுத்தும் தொழில் செலவாகிறது. வரம்பைத் தாண்டுவதென்று முடிவு செய்துவிட்டவருக்கு, குறைவாகத் தாண்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. திருத்தத்தை எழுதியவர்கள் ஒரு மாதமாவது எடைமேடையின் பக்கத்தில் நின்றிருந்தால், நிலைத்தொகையைக் குறைத்து, ஏறுதொகையைப் படிப்படியாகக் கூட்டியிருப்பார்கள்.

சுங்கச்சாவடிகளிலிருந்து பெரிதாக எதிர்பார்க்கப்பட்டது. திருச்சியிலிருந்து வெளியேறும் பெருஞ்சாலைகளில் சென்னைத் திசையில் சமயபுரம், மதுரைத் திசையில் பூதக்குடி, கரூர்த் திசையில் திருப்பராய்த்துறை, தஞ்சைத் திசையில் துவாக்குடி என்று சுங்கச்சாவடிகள் உள்ளன. சாவடியின் நுழைவழித் தளத்தில் பதித்த உணர்விகளின் மீது வண்டி மெதுவாக நகரும்போதே எடையைக் கணிக்கும் கருவிகளும், தனியே நிறுத்தி எடைபோடும் நிலைமேடைகளும் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் நிறுவப்பட வேண்டும் என்பது விதி. அதிக பாரத்துக்குக் கூடுதல் கட்டணம் பெறவும், மிகுதியை இறக்காமல் செல்ல விடாதிருக்கவும் சாவடிக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் கட்டணம் பிரிப்பதற்காக ஒப்பந்தம் எடுத்தவருக்குப் போக்குவரத்து ஓடினால்தான் வருவாய். பாரத்தை இறக்கும்வரை ஒரு வழித்தடத்தை அடைத்துவைப்பதில் அவருக்கு நட்டமே. கூடுதல் கட்டணம் பெற்றுக்கொண்டு தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடும்போது, 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு விலக்கிய அதே பண்டமாற்று வேறு சீருடையில் திரும்பி வந்துவிடுகிறது. ஓட்டுநரோ, சாவடியில் பணம் கட்டிவிட்ட ரசீதை ஆய்வாளரிடம் காட்டி, ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனையா என்று கேட்கிறார். அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இதே திருச்சியில், தென்னக ரயில்வேயின் கோட்டத் தலைமையகம் அமைந்த ஊரில், மற்றொரு எடைமுறை நெடுங்காலமாக நடந்துவருகிறது. குட்ஷெட்டில் நெல்லோ உரமோ ஏற்றிய வேகன் கொள்ளளவை மீறினால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 73ஆம் பிரிவு, சரக்கை அனுப்பியவரிடமோ பெறுபவரிடமோ தண்டக் கட்டணம் பெறவும், புறப்படும் நிலையத்திலோ வழியிலோ மிகுதியை இறக்கி, இறக்கிய செலவையும் வேகன் காத்துக்கிடந்த கட்டணத்தையும் சேர்த்துப் பெறவும் ரயில்வேக்கு உரிமை தருகிறது. ரயிலை ஓட்டிய லோகோ பைலட்டிடம் எவரும் அபராதம் கேட்பதில்லை. லாரியில் மட்டும், ஏற்றச் சொன்னவர், ஏற்றியவர், ஏற்றிய சரக்குக்குப் பில் போட்டவர் அனைவரும் வீட்டில் உறங்கும்போது, கூலிக்கு ஓட்டுபவர் நடுச்சாலையில் பதில் சொல்கிறார். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் பணித்தபடி, குறைந்தது மூன்று மாதங்களுக்கு இடைநீக்கம் செய்யப்படுவதும் அவருடைய உரிமமே. ஆஸ்திரேலியாவில் கனரக வாகனச் சட்டம், சரக்கை அனுப்புபவர், ஏற்றுபவர், பெறுபவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பொறுப்பாளியாக்குகிறது. நம் சட்டத்திலும் இதற்கு இடம் இல்லாமலில்லை: 113ஆம் பிரிவு, ஓட்டுபவர் உரிமையாளராக இல்லாதபோது, குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் ஆணையாலோ நடந்தது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது; 194ஆம் பிரிவு, ஓட்டுபவரோடு ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே பேசுகிறது. குவாரியும் சிமென்ட் ஆலையும் கிடங்கும் இந்தச் சொற்களுக்குள் அடங்கும் என்று வாதிட்டு வழக்குத் தொடுக்க, எடைச்சீட்டோடு ஏற்றிய இடத்தின் பதிவும் தேவை. அந்தப் பதிவைத்தான் இதுவரை எவரும் கேட்டு வாங்குவதில்லை.

எனவே செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, எடையைப் பாரம் ஏறும் இடத்துக்குக் கொண்டுபோவது. திருச்சியின் சாலைகளில் ஓடும் கனச் சரக்கு எங்கோ தெரியாத இடத்திலிருந்து வருவதன்று. அரியலூர், டால்மியாபுரம் வட்டாரத்துச் சிமென்டும் சுண்ணாம்புக்கல்லும், கரூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்லும் எம்-சாண்டும், டெல்டாவின் நெல்லும் என்று அவற்றின் வாயில்கள் எண்ணிவிடக் கூடியவை. முத்திரையிட்ட எடைமேடையின் அச்சு எடைச்சீட்டு இல்லாமல் நடைச்சீட்டு வராது என்று கனிமவளத் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து ஒரு விதி செய்தால், சாலைச் சோதனையின் சுமை பாதியாவது குறையும். அடுத்தது, காவிரிக்குத் தெற்கே ஒன்றும் கொள்ளிடத்துக்கு வடக்கே ஒன்றுமாக, பாலத்துக்கு வெகுமுன்னரே, வேலியும் விளக்கும் கூரையும் சமதள எடைமேடையும் இரவுக் காவலும் கொண்ட இறக்குமிடங்கள். நான்கைந்து ஏக்கர் நிலமும் ஒரு பொக்லைனும் இருந்தால் போதும்; கட்டணம் சட்டப்படியே லாரிக்காரருடையது என்பதால் நடத்தும் செலவு அரசின் மீது விழாது. ஓடும்போதே எடைபோடும் கருவிகளை இத்தகைய இடங்களுக்கு முன்னால் பதித்து, ஐயத்துக்குரிய வண்டியை மட்டும் உள்ளே திருப்பினால், ஒழுங்கானவர்களைக் காக்கவைக்கும் குற்றமும் நேராது. டிஎன் 45, டிஎன் 48, டிஎன் 81 என்று மேற்கு, ஸ்ரீரங்கம், கிழக்கு அலுவலகங்கள் முன்பு தனித்தனியே வைத்திருந்த பதிவேடுகள் இப்போது மின்னணுச் சலான் முறையில் ஒரே திரைக்கு வந்துவிட்டன. எந்தக் குவாரியில் ஏற்றிய வண்டிகள் மீண்டும் மீண்டும் பிடிபடுகின்றன என்று அந்தத் திரையைக் கேட்கும் வழக்கம்தான் இன்னும் வரவில்லை.

வீடு கட்டுவதற்காக ஜல்லியும் எம்-சாண்டும் வாங்கும் வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. நான்கு யூனிட் விலையில் ஐந்து யூனிட் தருவதாகச் சொல்லும் விற்பனையாளர், அந்த ஐந்தாவது யூனிட்டைக் கொள்ளிடப் பாலத்தின் மீது ஏற்றித்தான் கொண்டுவருகிறார். சரக்கு இறங்குமுன் எடைச்சீட்டைக் கேளுங்கள். மொத்த எடை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த விற்பனையாளரிடம் அடுத்த லோடு சொல்லாதீர்கள்.